மூன்றாவது சுற்று

பட்டறையில் எல்லோரும் அவளை ‘இன்னொருக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. எதையும் மூன்று தரம் பார்க்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டாள். இரண்டு தரம் பார்த்து முடித்ததும், “இன்னொருக்கா பாத்துடலாமே” என்பாள். அக்கா என்று அழைக்க வேண்டிய வயதும் ஆகியிருந்ததால் பெயர் சௌகரியமாக ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பிளாஸ்டிக் சாமான்களுக்கு எஃகில் அச்சு வெட்டித் தரும் பட்டறை அது. அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினைந்து வருடம் மில்லிங் மிஷின் முன்னால் நின்றாள். பிறகு வலது முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. மருத்துவர் உட்காரச் சொன்னார். முதலாளி அவளை மாடிக்கு அனுப்பினார். மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மேசை, ஒரு கணினி. நேர் கீழே ஓடும் பெரிய மிஷினின் அதிர்வு அந்த மேசைக்கும் வரும். தம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும்.

மிஷினில் சுழலும் கருவி எஃகின் மேல் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எங்கே தூக்க வேண்டும் என்று கணினியில் வழி போட்டுத் தருவது இப்போது அவள் வேலை. அந்த வழி ஒரு கோப்பாக வரும். லட்சக்கணக்கான வரிகள்; ஒவ்வொரு வரியிலும் சில எண்கள். ஒரு எண் பிசகினால் கருவி பக்கவாட்டில் போவதற்குப் பதிலாக எஃகுக்குள் குத்தும்.

அப்படிக் குத்தியதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்து மிஷினில் யாரோ ஒருவர் கழித்தல் குறி போட மறந்திருந்தார். சத்தம் பெரிதாக இல்லை. கனமான கதவு ஒன்றை அழுத்தி மூடியது போலிருந்தது, அவ்வளவுதான். யாரும் அந்த மனிதரைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து அவரே வரவில்லை. அவரை யாரும் திட்டாமல் இருந்ததுதான் அவளுக்கு நெடுநாள் உறுத்தியது.

பயந்த சுபாவம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. தெருநாய் குரைத்தால் நின்று முறைப்பாள். முதலாளியோடு முகத்துக்கு நேராக வாதாடுவாள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் தன் கையிலிருந்து போவதைப் பற்றித்தான். கையை விட்டுப் போன பிறகு ஒன்றைத் திருத்த முடியாது என்பதை அவள் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக நம்பினாள்.

பழைய கணினி சாகக் கிடந்தது. ஒரு வழியைக் கணக்குப் போட ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டு, எட்டாவது மணியில் திரை நீலமாகி நின்றுவிடும். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிறவர். ஒரு நாள் அப்படித் தேடிக்கொண்டே சொன்னார்:

“வெளியில ஒரு கம்பெனி ரெடிமேடா கம்ப்யூட்டர் பெட்டி தர்றேங்குறான். இல்லன்னா வழி போடுற வேலையையே வெளியில குடுத்துடலாம். எனக்கும் தலைவலி போகும்.”

“நானே பாகம் பாகமா வாங்கி சேர்த்துடுறேன். அதே விலைக்கு இன்னும் நல்லா வரும்.”

“உனக்கு அது தெரியுமா?”

“மிஷினைப் பிரிச்சுப் பூட்டியிருக்கேன். இது பெட்டி தானே?”

“உன் இஷ்டம். இது சரியா வரலன்னா வெளியில தான் போகும், சொல்லிட்டேன். அப்புறம் மாடில யாருக்கும் வேலை இருக்காது. கண்ணாடி எங்கம்மா?”

“நெத்தில.”

மாடியில் வேலை இல்லையென்றால் கீழே இறங்க வேண்டும். கீழே என்றால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். முழங்கால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போல அன்று மாலை படியிறங்கும்போது சுருக்கென்றது.

மற்ற பாகங்களெல்லாம் இரண்டு நாளில் முடிவாயின. நினைவகத்தில்தான் மாட்டிக்கொண்டாள். கடைகளில் அதை ரேம் என்பார்கள். கணக்கு நடக்கும்போது எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கும் பச்சை அட்டைத் துண்டு. ஒவ்வொரு துண்டின் மேலும் இரண்டு எண்கள். ஒன்று வேகம்: நாலாயிரத்து எண்ணூறு, ஐயாயிரத்து அறுநூறு, ஆறாயிரம், ஏழாயிரத்து இருநூறு. மற்றது டைமிங்: இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தாறு, நாற்பது.

வெளியூரில் இருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் ஓய்வு நேரமெல்லாம் கணினியில் கார் ஓட்டுகிறவன். நிஜத்தில் லைசென்ஸ் கிடையாது.

“அண்ணி, ஏழாயிரத்து இருநூறுக்குக் கீழ வாங்காதீங்க. வெளிய சொல்லவே வெக்கமா இருக்கும்.”

“நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்?”

“என்கிட்ட சொல்லுவீங்கல்ல?”

“அந்த ரெண்டாவது நம்பர் என்ன?”

“அது காத்திருக்குற நேரம். கேட்ட உடனே குடுக்காது. இத்தனை துடிப்பு காத்திருந்துட்டுக் குடுக்கும். கம்மியா இருந்தா நல்லது.”

ஒரு பக்கம் அதிகமாக இருக்க வேண்டும், இன்னொரு பக்கம் குறைவாக இருக்க வேண்டும். மூன்று வாரம் இதிலேயே போயிற்று. சமையலறை அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டி எண்களை எழுதினாள். சோறு வேகும்போது பார்த்தாள். பல் தேய்க்கும்போது வந்து பார்த்தாள். ஏழாயிரத்து இருநூறும் முப்பத்தாறும் ஒரு நாள் சரியாகத் தோன்றும். மறுநாள் அதே ஜோடி சந்தேகமாகத் தோன்றும். தாளில் அடித்து எழுதிய இடமெல்லாம் காகிதம் மெலிந்து கிழிந்தது.

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க மனிதர்களிடம் ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று கேட்டுக் கேட்டுப் பொறுமை வளர்ந்தவர். அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்.

“என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இதுல பாதியாவது யோசிச்சியா?”

“அப்ப யோசிக்கத் தெரியலீங்க. அதனால தான் இப்ப யோசிக்கிறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே தாளின் கிழிந்த மூலையில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிறு காலையில் அவளுக்கு மிஷின் ஞாபகம் வந்தது. புதிதாக வருகிறவர்கள் சுழலும் வேகத்தை ஏற்றிவிட்டு அந்தக் கீச்சொலியில் மயங்கி நிற்பார்கள். வேலை முடிகிற நேரம் மாறியிருக்காது. வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு துடிப்பு எவ்வளவு நீளம், அப்படி எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். பென்சிலை எடுத்துப் பெருக்கினாள். ஆறாயிரத்தில் முப்பது துடிப்பு என்றால் பத்து நானோ நொடி. ஏழாயிரத்து இருநூறில் முப்பத்தாறு, அதுவும் பத்து. ஐயாயிரத்து அறுநூறில் இருபத்தெட்டு; அதுவும் பத்து. மூன்று வாரம் மாறி மாறி அவள் தூக்கத்தைக் கெடுத்தவை எல்லாம், கேட்ட பிறகு பதில் தொடங்க ஒரே நேரத்தை எடுத்துக்கொண்டன. கொட்டித் தரும் அளவில் மட்டும் வித்தியாசம் இருந்தது. அதுவும் விலை ஏறிய அளவுக்கு ஏறவில்லை.

இது தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. இவ்வளவு நாள் தவறான இடத்தில் கவலைப்பட்டிருக்கிறோம் என்றால், சரியான இடம் எது என்று புதிதாக ஒரு கவலை வந்தது. ஆறாயிரம், முப்பது என்று முடிவெடுத்துத் தாளைக் கிழித்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் பேசிக்கொண்டே வேறு யாருக்கோ பில் போடுகிறவர்.

“மொத்தம் அறுபத்து நாலு ஜிபி வேணுமா மேடம்? முப்பத்திரண்டு ரெண்டா எடுத்துக்குங்க. ரெண்டு துண்டு போதும்.”

“மதர்போர்டுல ரேம் மாட்ட நாலு இடம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப பதினாறு நாலா குடுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் ஒருவர் பையிலிருந்து பழைய விசைப்பலகையை எடுத்துக் கொட்டினார். “உங்க இஷ்டம்” என்றார் கடைக்காரர். இரண்டிரண்டு துண்டுகளாக இரண்டு பாக்கெட் பைக்குள் போயின.

கணினி மட்டுமே தெரிந்த ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். மில்லிங் மிஷினில் கருவிகளை வரிசையாக மாட்டி வைக்கும் வட்டத் தட்டு ஒன்று உண்டு. அதில் எந்த ஓட்டையும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் வெட்டும்போது தெறிக்கும் எஃகுச் சீவல் பறந்து வந்து உள்ளே ஒட்டும், அடுத்த முறை மாட்டும் கருவி ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும், வேலை கெடும். கருவி இல்லையென்றால் பிளாஸ்டிக் மூடியாவது போட்டு அடைப்பார்கள். பதினைந்து வருடம் அப்படி அடைத்த கை அவளுடையது. போர்டில் நான்கு இடமும், வாங்கியது இரண்டு துண்டும் என்றால் மீதி இரண்டு இடமும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது. காரணம் என்று அவள் அதை யோசிக்கவில்லை. கை தானாக முடிவெடுத்திருந்தது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையின் மேல் எல்லாவற்றையும் பரப்பிப் பூட்டினாள். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார்.

“லைட்டை ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டல. நீ விடுற மூச்சுல ஆடுது.”

மின்சாரம் கொடுத்தாள். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் கொழுந்தனுக்குப் போன் போனது.

“அண்ணி, ஆஃப் பண்ணிடாதீங்க. முதல் தடவை ரேமைத் தானே பழக்கிப் பார்த்துக்கும். கொஞ்ச நேரம் ஆகும்.”

“கொஞ்சம்னா எவ்வளவுடா?”

“கொஞ்சம்னா கொஞ்சம் தான். இதுக்கெல்லாமா கடிகாரம் பாப்பீங்க?”

எத்தனை துண்டு போட்டாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழாவது நிமிடம் திரை வெளிச்சமானது. வீட்டுக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கணினி தானாக எடுத்துக்கொண்ட வேகம் மூவாயிரத்து அறுநூறு என்று திரையில் இருந்தது. ஆறாயிரம் என்று வாங்கியது மூவாயிரத்து அறுநூறில் ஓடுவது அவளை ஏமாற்றப்பட்டவள் போல உணரச் செய்தது. அமைப்புப் பக்கத்தில் ஆறாயிரம், முப்பது என்று ஏற்கெனவே எழுதி வைத்த தேர்வு இருந்தது; கொழுந்தன் முன்பே சொல்லியிருந்தான். அதைத் தேர்ந்தாள். நான்கு துண்டைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதால்தான் அந்தப் போர்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை அது சொல்லியிருந்தது. அவள் அதைக் குறை என்று படித்தாள்.

நினைவகத்தைச் சோதிக்கும் நிரல் ஒன்றை ஓடவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணை எழுதி, திரும்பக் கேட்டு, சொன்னதையே சொல்கிறதா என்று பார்க்கும் நிரல் அது. ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். முதல் சுற்றில் பிழை இல்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. மூன்றாவதைத் தொடங்கக் கையை வைத்தபோது முதலாளி போனில் கூப்பிட்டார்.

“எஃகை மிஷின்ல ஏத்தியாச்சும்மா. காலைல எட்டு மணிக்குப் பெட்டி மாடில இருக்கணும். பில்டப் எல்லாம் வேணாம்.”

“இன்னொரு சுத்து பாத்துட்டு…”

“எத்தனை சுத்து பாத்தே?”

“ரெண்டு.”

“ரெண்டுல தெரியாததா மூணுல தெரியப்போகுது? மூட்டையைக் கட்டு.”

அவள் கட்டினாள். இருபது வருடத்தில் முதல் முறையாக இரண்டோடு நிறுத்தினாள். பெட்டியைப் போர்வையில் சுற்றும்போது வீட்டுக்காரர் கேட்டார், “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” ஒன்றுமில்லை என்றாள்.

திங்கட்கிழமை வழி போட வேண்டியிருந்தது தண்ணீர் மீட்டர் மூடிக்கான அச்சுக்கு. ஐந்து பேர் நாற்பது நாள் உழைத்து முரட்டு வெட்டு முடித்து, உலையில் வைத்துக் கடினமாக்கிய எஃகுக் கட்டி. மயிரிழைக் கனம் மட்டும் மிச்சம். அதை இழைத்து எடுக்கும் கடைசி வழி அவளிடமிருந்து வர வேண்டும். அதே அளவில் இன்னொரு கட்டி பட்டறையில் கிடையாது.

எட்டு மணிக்குக் கணக்கைத் தொடங்கினாள். ஒன்பது பத்துக்கு முடிந்துவிட்டது. முன்பு ஒன்பது மணி நேரம் எடுத்தது. முதலாளி மாடிப்படியில் பாதி ஏறி வந்து, நம்பாமல், மீதியையும் ஏறினார்.

“முடிஞ்சுதா? முழுசாவா?”

“முழுசா.”

“அடேயப்பா” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது. திரையில் கருவி நகரும் பாவனையை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் குறை தெரியவில்லை. கோப்பு கீழே போயிற்று. மிஷின்காரர் ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்தினார். பட்டறையிலேயே மூத்தவர் அவர். பால் போன்ற குளிர்திரவம் பீய்ச்சியடிக்க, கருவி எஃகின் மேல் இறங்கி நகரத் தொடங்கியது.

கணினிக்கு இனி மாலை வரை வேலை இல்லை. விட்டுப்போன மூன்றாவது சுற்றை ஓடவிட்டாள். ஓட்டாமல் இருந்தால் பகல் முழுக்க எதிலும் மனம் நிற்காது என்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்கு இல்லை.

பத்து ஐம்பதுக்குத் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிழைகள்: ஒன்று.

எழுதச் சொன்ன எண் ஒன்று. திரும்பக் கேட்டபோது அது சொன்ன எண் வேறு. நடுவில் ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. வந்திருந்தாலும் தேவலை என்றிருந்தது. நூறு பிழை என்றால் பெட்டி கெட்டது என்று தீர்ந்துவிடும். ஒன்று என்பது எங்கேயும் இருக்கலாம். காலையில் அந்தக் கணக்கு இதே நினைவகத்தில்தான் நடந்தது. எட்டு லட்சத்துச் சொச்சம் வரிகள். அதில் ஏதாவதொரு வரியில், கண்ணுக்குத் தப்பிய ஓர் இடத்தில், ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தால்? மேசையில் தம்ளரின் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முழங்காலை மறந்து படியிறங்கினாள்.

“அண்ணே, நிறுத்தணும்.”

மிஷின்காரர் திரும்பவில்லை. “இப்ப நிறுத்தினா கருவி நின்ன இடத்துல கோடு விழும். உனக்குத் தெரியாததா?”

“தெரியும்.”

“என்ன ஆச்சு?”

“ஒரு தப்பு வந்திருக்கு.”

“எங்க?”

“தெரியல.”

“எங்கன்னு தெரியாத தப்புக்கா நிறுத்தச் சொல்றே, இன்னொருக்கா?”

“தெரிஞ்சிருந்தா திருத்தியிருப்பேனேண்ணே.”

அவர் இப்போது திரும்பிப் பார்த்தார். பிறகு மிஷின் திரையில் ஓடும் வரி எண்ணைப் பார்த்தார். “இந்தப் பக்கம் முடிஞ்சதும் கருவி தானா மேல தூக்கும். அங்க நிறுத்தினா கோடு விழாது. பதினாலு நிமிஷம்.”

பதினான்கு நிமிடம். இப்போதே நிறுத்தினால் எஃகில் நிச்சயம் ஒரு கோடு விழும். காத்திருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். அல்லது அந்தச் சத்தம் கேட்கலாம். நிச்சயமான சின்னக் கேட்டையும் நிச்சயமில்லாத பெரிய கேட்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நிறுத்தும் பொத்தானின் மேல் உள்ளங்கையை, அழுத்தாமல், வைத்துக்கொண்டு நின்றாள். மிஷின் கதவின் சின்னக் கண்ணாடியில் குளிர்திரவம் வழிந்தது. காது மட்டும் வேலை செய்தது. மிஷினின் சத்தம் ஒரு சுருதியில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சற்று மாறி மறுபடி பழைய சுருதிக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் விரல்கள் விறைத்தன.

“மூச்சு விடும்மா” என்றார் மிஷின்காரர். “நீ விடலன்னாலும் அது ஓடும்.”

கருவி மேலே தூக்கியது. அவள் அழுத்தினாள்.

சத்தம் நின்றதும் முதலாளி வந்துவிட்டார். பட்டறையில் அவரை வரவழைக்க அமைதி போதும்.

“ஒண்ணு தானே?” என்றார், கேட்டு முடித்ததும்.

“ஒண்ணு தான்.”

“எத்தனையில ஒண்ணு?”

“கோடிக்கணக்குல.”

“என் வாயில இருக்குற பல்லுல அதைவிட அதிகமா ஓட்டை இருக்கு. அதுக்காக நான் சாப்பாட்டை நிறுத்துறேனா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “நேத்து ரெண்டு சுத்து தான் பாத்தேன். மூணாவது பாக்காமக் கொண்டாந்துட்டேன். தப்பு என்னுது.”

அவசரப்படுத்தியது யார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளிக்கும் அது ஞாபகம் இருந்தது என்பது அவர் கண்ணாடியைத் தேடத் தொடங்கியதிலிருந்து தெரிந்தது. “இன்னைக்குள்ள முடி” என்று மட்டும் சொன்னார். “முடியலன்னா நாளைக்கு வெளியாளுக்குப் போன் போடுவேன்.”

கொழுந்தன் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தான். பிழையைச் சொன்னாள்.

“எத்தனை துண்டு போட்டிருக்கீங்க அண்ணி?”

“நாலு.”

“நாலா? நாலு இடத்தையும் ரொப்பிட்டீங்களா? யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. காலியா விட்டா உள்ள ஏதாவது போயிடும்ல?”

“அண்ணி,” என்றான் மிக மெதுவாக, “அது என்ன எலி வளையா? நாலு துண்டையும் இழுத்துக்கிட்டு அந்த போர்டால ஆறாயிரத்துல ஓட முடியாது. ஓடுற மாதிரி ஓடும். எப்பவாவது ஒரு தடவை தடுக்கும். ரெண்டைக் கழட்டுங்க. இல்லன்னா வேகத்தை இறக்குங்க.”

கணக்குக்கு ஐம்பது ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டும் என்பதைக் காலையிலேயே பார்த்திருந்தாள். கழற்ற முடியாது. நாலாயிரத்து நானூறுக்கு இறக்கினாள். டைமிங்கை முப்பதிலேயே விட்டாள். பத்து நானோ நொடி பதின்மூன்றரை ஆயிற்று. மூன்று சுற்றுக்கு உட்கார்ந்தாள்.

பதினொன்றரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை. கீழே மிஷின் ஊமையாக நின்றது. தம்ளரில் தண்ணீர் அசையவில்லை. அந்த மேசையில் அவள் உட்காரத் தொடங்கிய பிறகு அப்படி அசையாத தண்ணீரை அவள் பார்த்ததில்லை. மிஷின்காரர் ஒருமுறை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முதல் சுற்றில் பிழை இல்லை. இரண்டாவதில் இல்லை. அவள் அதற்கு மகிழவில்லை. நேற்றும் இரண்டாவதில் இல்லை. மூன்றாவது சுற்றில் காலையில் சிவப்பு வரி வந்த இடத்தைத் தாண்டும்போது நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். பிழைகள்: சுழி.

வழியைப் புதிதாகக் கணக்குப் போட்டாள். ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. காலையில் ஒரு மணி பத்து. மூன்று வாரமாக அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றதெல்லாம் இந்தப் பதினைந்து நிமிடத்துக்காக.

காலைக் கோப்பையும் மாலைக் கோப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிடச் சொன்னாள். முதலாளியும் மிஷின்காரரும் பின்னால் நின்றார்கள். எட்டு லட்சத்துச் சொச்சம் வரிகள். சில நொடிகளில் பதில் வந்தது.

வித்தியாசம்: ஒன்று.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி நெற்றியிலிருந்து கண்ணாடியைத் தானாகவே இறக்கி மாட்டினார். “எங்க? எங்கம்மா? எந்த வரி?”

முதல் வரி. கோப்பு உண்டான தேதியும் நேரமும் எழுதும் வரி. காலை ஒன்பது பத்து. மாலை ஏழு இருபது. மற்றபடி ஓர் இலக்கமும் மாறவில்லை.

மிஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

“அப்ப காலைல ஓடினதும் சரி தான்.”

“ஆமா.”

“நிறுத்தாம விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“ஆகியிருக்காது.”

“ஒரு நாள் பூரா மிஷின் சும்மா நின்னுச்சு.”

“ஆமா. சும்மா தான் நின்னுச்சு.”

அவர் இன்னும் ஏதாவது அவள் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் நிறுத்தியது சரி என்று காட்ட அன்று எதுவும் நடக்கவில்லை. காலைக் கோப்பு முழுக்கச் சரியாக இருந்தது. அது சரி என்பது காலையில் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் செலவாகியிருந்தது. அந்த நாள் வீண் என்று சொன்னால் அவளிடம் மறுப்பு இல்லை. அதே சிவப்பு வரி மறுநாள் வந்தாலும் மறுபடி நிறுத்துவாள் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விட்ட இடத்திலிருந்து மிஷின் ஓடியது. மாலையில் அச்சைக் கழற்றித் துடைத்தார்கள். மிஷின்காரர் கருவி நின்ற இடத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். அவள் இழுத்துப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இன்னொரு தரம் இழுத்தார்கள். நகம் எங்கும் தட்டவில்லை.

முதலாளி வெளியாளுக்குப் போன் போடவில்லை. போடவில்லை என்று சொல்லவும் இல்லை. மாதம் ஒன்று கழிந்த பிறகு கண்ணாடித் தடுப்பை நகர்த்தி அறையைச் சற்றுப் பெரிதாக்க ஆட்கள் வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு மேசை வருகிறதாம். இன்னொரு பெட்டியும். முதலாளி துண்டுச் சீட்டோடு மாடிக்கு வந்தார்.

“அதே மாதிரி எழுதிக் குடு. ரேம் எத்தனை துண்டு?”

“ரெண்டு. முப்பத்திரண்டு முப்பத்திரண்டா.”

“போர்டுல நாலு இடம் இருக்குமே?”

“இருக்கும்.”

“மீதி ரெண்டு?”

“காலியா இருக்கட்டும்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். அவரும் ஒரு காலத்தில் மிஷின் முன்னால் நின்றவர். “சீவல் உள்ள போயிடாதா?”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டார்.

“போகாது” என்றாள்.

அவர் சீட்டை மடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே அடுத்த கட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்ளரில் தண்ணீர் மெல்ல அசையத் தொடங்கியது. அவள் எழுந்து கண்ணாடித் தடுப்பின் அடியில், தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள், முழங்கால் வலித்தது, விரலை விட்டு அளந்தாள், ஒரு துணியைச் சுருட்டி அதில் திணித்தாள்.